ஒரு ரோசாவுக்குக் காவல்

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எட்டாம் நம்பர் வீட்டு ரோசா மொட்டு விட்ட செய்தி, அந்த வீட்டுக்காரருக்குத் தெரிவதற்கு முன்பே ஒன்பதாம் நம்பர் பவுனம்மாளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் புருஷன் ரயில் பட்டறையில் உழைத்ததைவிட, அவள் வேலியோரம் நின்று உழைத்தது அதிகம்.

நுவரெலியாவிலிருந்து கப்பலில் வந்த பதியம் அது. இராசேஸ்வரி அதற்குச் செய்யும் சேவகத்தில் பாதியைப் புருஷன் சிவசம்புவுக்குச் செய்திருந்தால் மனுஷன் கொஞ்சம் சதை போட்டிருப்பார் என்பது பவுனம்மாளின் கணிப்பு. ஆனால் அந்தச் சேவகமே அவருக்காகத்தான். போன வருஷம் அவர் மலேரியாவில் நினைவு தப்பிக் கிடந்தபோது, ஆள் எழும்பினால் இந்தச் செடியின் முதற்பூ உனக்கு என்று ஸ்காட் ரோட்டுக் கோயில் கந்தசாமியிடம் இராசேஸ்வரி நேர்ந்திருந்தாள். ஆள் பத்தே நாளில் எழும்பிவிட்டார். செடிதான் பதினான்கு மாதம் எடுத்துக்கொண்டது.

பூத்ததும் ஒரே ஒரு பூ. அந்த வாரம் பார்த்துத்தானா துரைமார் லேக் கார்டனில் வசந்த மலர் விழா வைக்க வேண்டும்? வருஷம் முழுக்க வேர்த்துக் கொட்டுகிற ஊரில் வசந்தம் எந்த ரயிலில் வந்து இறங்கியது என்று யாரும் கேட்கவில்லை. விழாவை நடத்துகிறவள் சிவசம்புவின் பெரிய துரையுடைய மனைவி. சிவசம்புவோ ஆறு வருஷமாக இரண்டாம் கிளார்க். வீட்டில் ஒரு வார்த்தை கேளாமல் விழாப் போட்டிக்கு ரோசாவின் பெயரைப் பதிந்துவிட்டு வந்து நின்றார்.

"பூவைப் பிடுங்கச் சொல்லேல்லையே. சட்டியோட கொண்டுபோவம், செடியில இருக்கிறது செடியிலயே இருக்கும். பின்னேரப் பூசைக்கு நீர் கொண்டுபோம்."

"ஆரும் மூக்கை வச்சு மணந்துபோட்டால்? மணந்த பூவைச் சாமிக்கு வைக்கிறதோ?"

அதை அவர் யோசித்திருக்கவில்லை. ஆகவே இராசேஸ்வரியும் கூடவே புறப்பட்டாள். காலை எட்டு மணிக்குக் கூடாரத்து மேசையருகே போய் நின்றவள்தான். உட்கார ஒரு முக்காலிகூட இல்லை.

ஊரில் இத்தனை மூக்கு இருப்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பட்டுச் சட்டை போட்ட சீனத் தவுக்கே முதலாளி, குடையோடு வந்த மலாய்ச் சீமாட்டி, தொப்பி வைத்த துரைசானிகள், எல்லோரும் பூவைக் கண்ணால் பார்ப்பதோடு நிற்கவில்லை. இடுப்பை வளைத்துக் குனிந்தார்கள். முதலில் இராசேஸ்வரி கையைக் குறுக்கே நீட்டினாள். பிறகு, பூச்சிக்குப் புகையிலைத் தண்ணீர் அடித்திருக்கிறது என்று சைகையில் இருமிக் காட்டினாள். அந்த இருமலுக்கு நல்ல பலன் இருந்தது. பத்து மணிக்கு மேல் உண்மையாகவே தொண்டை கட்டிவிட்டது.

பவுனம்மாள் மத்தியானம் வந்து சேர்ந்தாள். வேடிக்கை பார்க்க வரவில்லையாம், சும்மா வந்தாளாம்.

"என்னக்கா, பூவுக்குப் போலீசு வேலையா? பேசாம ஒரு தொப்பி மாட்டிக்க லா."

"கால் விண்விண்ணெண்டு இழுக்குது, பவுனம். ஒரு அஞ்சு நிமிசம் நிக்கிறியே?"

"நிக்கலாம்க்கா. ஆனா என் மூக்க நானே நம்ப மாட்டேன்."

இராசேஸ்வரிக்கும் அந்த நம்பிக்கை இல்லை. அவளே நின்றாள். பாதம் வீங்கிச் செருப்பு வார் பதிந்தது. கண்ணை மூடித் திறந்தால் தொப்பி தொப்பியாகத் தெரிந்தது.

மூன்று மணிக்குப் பெரிய துரைசானி கையில் மார்க் தாளோடு வந்தாள். நிறத்துக்கு, வடிவத்துக்கு, வாசனைக்கு என்று தனித்தனியாகப் பத்துப் பத்து. சிவசம்பு கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு பின்னால் நின்றார். துரைசானி நிறத்துக்கு எழுதினாள்; வடிவத்துக்கு எழுதினாள்; அப்புறம் குனிந்தாள்.

இராசேஸ்வரி இருமக்கூட முடியாமல் புருஷனைப் பார்த்தாள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. அதற்கும் தெம்பு வேண்டுமே.

சிவசம்பு ஓர் அடி முன்னால் வந்தார். "இதுக்கு மணமே இல்லை, மேடம். இந்தச் சாதி அப்படித்தான்," என்று இங்கிலீஷில் சொன்னார்.

துரைசானி நிமிர்ந்தாள். மணமில்லாத ரோசாவை மேசைக்குக் கொண்டுவந்தவரை, நாறிய மீனைக் கொண்டுவந்தவரைப் போல ஒரு பார்வை பார்த்துவிட்டு, வாசனைக்கு நேரே ஒரு வட்டம் போட்டாள். பரிசு கிள்ளான் பக்கத்து ஒரு தோட்டத்து மானேஜருடைய ரோசாவுக்குப் போயிற்று.

"பரிசு போனா என்னக்கா, சாமிக்குப் பூ இருக்குல்ல," என்று பவுனம்மாள் ஆறுதல் சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தாள். இந்தச் செய்தி குவார்ட்டர்ஸுக்கு அவளுக்கு முன்னால் போய்விடக் கூடாதல்லவா.

தம்பதி ரிக்‌ஷா பிடித்தார்கள். சட்டி இராசேஸ்வரி மடியில். சிவசம்பு கோட்டுப் பொத்தானைக் கழற்றிவிட்டார். இரண்டாம் கிளார்க்காகவே இன்னும் எத்தனை வருஷம் என்று யோசித்துக்கொண்டு வந்திருப்பார். ஸ்காட் ரோட்டு முனையில் சக்கரம் பள்ளத்தில் விழுந்து எழுந்ததும் திரும்பிப் பார்த்தார். மனைவி நல்ல நித்திரை. தலை முன்னால் சாய்ந்து, மூக்கு நேரே ரோசாவுக்குள் புதைந்து, ஒவ்வொரு மூச்சுக்கும் இதழ்கள் அசைந்துகொண்டிருந்தன.

"இஞ்சாரும்," என்று தோளைத் தொட்டார்.

விழித்தவள் தான் இருந்த நிலையைக் கண்டாள். மூக்கு நுனியைத் தடவினாள். விரலில் மஞ்சளாக மகரந்தம்.

"நித்திரையில விட்ட மூச்சு கணக்கில்லை," என்றார் சிவசம்பு. "கோயிலடியில நிப்பாட்டச் சொல்லட்டே?"

"நித்திரை எண்டாலும் மணம் தெரிஞ்சதே." சட்டியைத் திருப்பிச் செடியின் அடியைப் பார்த்தாள். "வேண்டாம். வீட்டை போவம். கீழ ஒரு மொட்டிருக்கு, அவருக்கு அதை வைப்பம். கந்தசாமியார் இன்னும் ஒரு மாதம் பொறுப்பார். எனக்குத்தான் இனி நிக்கேலாது."

ரிக்‌ஷா கோயிலைத் தாண்டியது. உள்ளே பின்னேரப் பூசை மணி அடித்தது. இருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"அப்ப," என்று இழுத்தார் சிவசம்பு, "நானும் ஒருக்கா மணக்கட்டே?"

அவள் சட்டியை அவர் மடிக்குத் தள்ளினாள். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். நிமிர நேரம் எடுத்தது.

"எத்தினை மார்க்?" என்று கண்ணை மூடிக்கொண்டே கேட்டாள்.

"பத்தும் குடுக்கலாம்."

அதைக் கேட்க அவள் விழித்திருக்கவில்லை.