டபுள்

பெட்டிக்குள் படுத்திருந்த சாலமோனின் கோட்டுப் பைக்குள் பர்ஸ் நுழைய மாட்டேன் என்றது. கல்யாணத்துக்குத் தைத்த கோட்டு. அன்றைக்கு மனுஷன் ஈர்க்குச்சி மாதிரி இருந்தார். இன்றைக்குச் செத்த பிறகும் தொப்பை அடங்கவில்லை. மனைவி ஜெசிந்தா பர்ஸைத் திறந்து பார்த்தாள். வேன் ஓட்டிய லைசென்ஸ், வேளாங்கண்ணி மாதா படம், பபிள்கம்மோடு வருகிற பழைய கிரிக்கெட் அட்டை இரண்டு. இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. இரண்டிலும் ஒரே ஆட்டக்காரன், கையுறை மாட்டிக்கொண்டு குந்தியிருந்தான். ஒரே ஆளை எதற்கு இரண்டு முறை சுமந்துகொண்டு திரிந்தாரோ, கிரிக்கெட் என்றால் சோறு தண்ணி வேண்டாம் அவருக்கு. அவள் லைசென்ஸை மட்டும் எடுத்துக்கொண்டு பர்ஸை உள்ளே தள்ளினாள். பர்ஸ் இல்லாமல் தெருமுனை டீக்கடைக்குக்கூடப் போகாத மனுஷன். வெறும் கையோடு எப்படி அனுப்புவது?

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று விழுந்தது. பின்னாலேயே மகன் சாமின் குரல் கேட்டது.

"பெரிப்பா, அங்கியே நில்லு. பந்தலுக்குள்ள கால் வைக்காத."

ஜெசிந்தா வாசல் பக்கம் திரும்பினாள். மோசஸ் வந்துவிட்டார்.

சாலமோனுக்குக் கூடப் பிறந்தது இந்த ஒரே ஒரு அண்ணன்தான். சதுரங்கப்பட்டினத்தில் இவர்கள் குடியிருக்கும் இந்த நத்தம் மனையில் பங்கு கேட்டு, வருஷக்கணக்காகச் செங்கல்பட்டு கோர்ட்டில் தம்பி மேல் வழக்கு நடத்துகிறவர். நல்லது கெட்டது எதற்கும் இந்த வாசலை மிதிக்காதவர். அதெல்லாம்கூடப் பழகிவிட்டது. இன்றைக்கு ஜெசிந்தா பயந்தது வேறொன்றுக்கு. நேற்றுச் சாயங்காலம் ஆஸ்பத்திரியில் சாலமோன் முகத்திலிருந்த ஆக்சிஜன் மாஸ்க்கைத் தானே தூக்கிவிட்டு, "அண்ணனுக்கு டபுள் குடுத்துடு" என்றார். அதற்கப்புறம் அவர் வாயிலிருந்து பேச்சே வரவில்லை.

சாமிடம் சொன்னபோது அவன் முகம் செத்துவிட்டது. "மூத்த புள்ளைக்கு ரெண்டு பங்குன்னு கோயில்ல பைபிள்ல வாசிச்சாங்களே, அத நெனச்சிகினு சொல்லிக்கீறாரு. இது வெளிய போச்சின்னா நம்ம கத கந்தல்தான். யார்கிட்டயும் மூச்சு வுடாத" என்றான். அவளும் விடவில்லை. வாழ்ந்து முடித்தவர் சொல்லிவிட்டுப் போய்விட்டார், நாளைக்கு இந்தப் பிள்ளை எங்கே போய் நிற்பான்?

அவள் வாசலுக்கு ஓடினாள். பின்னால் ஃபாதர் ஜெபத்தை முடித்துவிட்டு, இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். திருப்போரூர்ப் பக்கம் அவருக்கு இன்னொரு அடக்கம் இருந்தது. பெட்டி கொண்டுவந்த ஜெகதீசன் மூடியைத் தூக்கிச் சுவரோரம் தயாராகச் சாய்த்துவைத்தான்.

மோசஸ் பந்தலுக்கு வெளியே வெயிலில் நின்றிருந்தார். வேகமாக நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது. "மூஞ்ச ஒருதரம் பாத்துட்டுப் போயிடறேன்டா சாமு."

"பாத்துட்டு? பெட்டி மேல கைய வெச்சி, தம்பி எனக்கு சொல்லிட்டுப் போனான்னு ஊரக் கூட்டறதுக்கா?"

"இன்னாடா சொல்லிட்டுப் போனான்?"

வேண்டாம் என்று ஜெசிந்தா கண்ணைக் காட்டினாள். பையனுக்குத் தகப்பன் செத்த ஆத்திரம், அம்மாவின் கண் எங்கே தெரியும். "ஒண்ணுந் தெரியாத மாதிரி கேக்கறியே. டபுள் கேட்டியாமே. இந்த வூட்ட ரெண்டா பிரிச்சாலே எங்களுக்கு சமையக்கட்டுதான் மிச்சம். இதுல உனக்கு டபுளு."

வந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ டீத் தம்ளரைக் கீழே வைத்தார்கள்.

"டபுளா?" என்றார் மோசஸ். அவர் சாமை விட்டுவிட்டு ஜெசிந்தாவைப் பார்த்தார். "ஏம்மா, நீதான கூட இருந்த. அவன் இன்னா சொன்னான்? அப்பிடியே சொல்லு."

இதற்குத்தான் அவள் பயந்தாள். இவ்வளவு பேர் காதில் விழச் சொல்லிவிட்டால், நாளைக்கு அத்தனை பேரும் சாட்சி. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் வீடு நிற்கும். சொல்லிவிடலாம், நாக்குக்கு என்ன எலும்பா. ஆனால் பேசினவர் பத்தடி தள்ளிக் கோட்டு போட்டுக்கொண்டு படுத்திருக்கிறார். அவர் கடைசியாகப் பேசினதையே இல்லை என்று சொல்லிவிட்டு, அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது? உள்ளே ஜெகதீசன் மூடியைத் தூக்கும் சத்தம் கேட்டது.

"யம்மா" என்றான் சாம்.

"அண்ணனுக்கு டபுள் குடுத்துடுன்னாரு மாமா. அவ்ளோதான் சொன்னாரு."

மோசஸ் நின்ற இடத்திலேயே மண்ணில் உட்கார்ந்தார். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று ஒரு பெண் பிடிக்கப் போனாள். துண்டை எடுத்தபோது அவர் சிரித்துக்கொண்டும் இருந்தார்.

"கீப்பரு" என்றார். "டேய், கீப்பரு டபுள்டா அது. கிரண் மோரே."

யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. மோசஸ் சாமைப் பார்த்தே சொன்னார். "பபிள்கம் வாங்கனா கிரிக்கெட் அட்ட வரும். ஒரே ஆளு ரெண்டுதரம் வந்தா அதுக்குப் பேரு டபுளு. சின்ன வயசுல கோட்டையாண்ட வெளயாடும்போது நான்தான் விக்கெட் கீப்பரு. ஊருக்கெல்லாம் கபில்தேவா கொட்டுது, எனக்கு கீப்பரு மட்டும் வர்ல. உங்கப்பனுக்கு ரெண்டு வந்துச்சி. டபுள குடுடா, டபுள குடுடான்னு பின்னாலியே சுத்தனேன். தர மாட்டேன்னுட்டான், நாயி."

அந்த நாயி என்ற சொல்லில் ஜெசிந்தாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்போதுதான் கையுறை போட்டுக் குந்தியிருந்த அந்த ஆட்டக்காரன் அவள் நினைவுக்கு வந்தான். அவள் திரும்பி உள்ளே ஓடினாள்.

ஜெகதீசன் மூடியை வைத்து முதல் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தான்.

"தொறங்க."

"மூடின பெட்டியத் தொறக்கக் கூடாதும்மா" என்றான் அவன். பெண்கள் முணுமுணுத்தார்கள். ஃபாதர் மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார்.

"எம் புருஷன் பெட்டி. தொற."

திருகாணி சுற்றிச் சுற்றி வெளியே வருவதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. மூடியை நகர்த்தியதும் கோட்டுப் பைக்குள் கை விட்டாள். பர்ஸ் உள்ளே போவதற்கு அடம்பிடித்த மாதிரியே வெளியே வருவதற்கும் அடம்பிடித்தது. இழுத்ததில் கோட்டின் தையல் விட்டது.

நிமிர்ந்தபோது மோசஸ் பெட்டியருகில் நின்றிருந்தார். சாம் வாசலில் விழுந்து கிடந்த நாற்காலியை எடுத்து ஓரமாகப் போட்டுக்கொண்டிருந்தான், தலை நிமிரவில்லை.

மோசஸ் முதலில் தம்பியின் முகத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகுதான் அட்டைகளைக் கையில் வாங்கினார். ஒன்றைப் பிரித்து எடுக்க நகத்தை விட்டார். பல வருஷ வியர்வை, பசை போட்ட மாதிரி பிடித்துக்கொண்டிருந்தது. ஓரம் லேசாகக் கிழியத் தொடங்கியது. நிறுத்திக்கொண்டார்.

"பிரிச்சா ரெண்டும் பூடும் போலக்கீது" என்றார்.

"அப்பிடியே வெச்சிக்க பெரிப்பா" என்றான் சாம் பின்னாலிருந்து.

மோசஸ் தலையாட்டினார். யாரிடம் என்றில்லாமல் பேசினார். "போன வாய்தாவுக்கு, கோர்ட்டு வாசல் டீக்கடையில எம்பக்கத்துல வந்து நின்னு பர்ஸ எடுத்தான். என் டீக்கு இவன் காசு குடுக்கறானான்னு மூஞ்ச திருப்பிகினு போயிட்டேன்."

ஜெசிந்தாவுக்கு அந்த நாள் தெரியும். அன்றைக்குச் சாலமோன் சாப்பிடாமல் படுத்தார். கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றார். பாவி மனுஷன், ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இவளே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்திருப்பாள்.

"மூடலாமா?" என்றான் ஜெகதீசன்.

மோசஸ் அட்டைகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மூடியின் ஒரு பக்கத்தைத் தானே பிடித்தார். திருகாணிகள் இறங்கின. வழக்கைப் பற்றி யாரும் பேசவில்லை. அடுத்த வாய்தா அதுபாட்டுக்கு வரும், அப்போது மோசஸ் போவாரா மாட்டாரா என்று அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. இப்போது அவர் தலைமாட்டில் வலது பக்கம் தோள் கொடுத்தார். இடது பக்கம் சாம் குனிந்தான். உயரம் சரியில்லாமல் பெட்டி சாய்ந்தது. "நீ கொஞ்சம் எறக்கிப் புடி பெரிப்பா" என்றான். அவர் இறக்கிப் பிடித்தார்.

தெரு திரும்பும் இடத்தில் டீக்கடைக்காரர் அடுப்பைத் தணித்துவிட்டு எழுந்து நின்றார். பெட்டி அவரைத் தாண்டிப் போனது. பின்னால் பெண்களோடு நடந்துகொண்டிருந்த ஜெசிந்தா, முகம் துடைக்க முந்தானையை எடுக்கப் போனபோதுதான் கையைப் பார்த்தாள். பர்ஸ் அவள் கையிலேயே இருந்தது.