ஜெயபாண்டி சொன்னதில் பாதி

நெடுமலை பீரைப் பற்றி ராஜபாளையத்தில் தனக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது என்று ஜெயபாண்டி நம்பினார். மற்றவர்களும் பெரும்பாலும் அதை ஒத்துக்கொண்டார்கள். பட்டாளத்தில் பதினேழு வருஷம் லாரி ஓட்டிவிட்டு வந்து, முடங்கியார் சாலையில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறவர். வாரத்தில் ஆறு நாள் ஒரு சொட்டு வாயில் படாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் ஒரே ஒரு பாட்டில், அதுவும் நெடுமலை. அன்றைக்குக் கார் சாவியை மனைவி வெங்கடேஸ்வரியிடம் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுப் படி இறங்குவார்.

நெடுமலை தென்மாவட்டத்துக் கம்பெனி. ஆரம்பித்து நாற்பது வருஷம் ஆகிறது. வெளியிலிருந்து எத்தனையோ பீர் வந்தும், இந்தப் பக்கத்து ஆட்கள் ரெண்டு மலை படம் போட்ட அந்தப் பாட்டிலைத்தான் பேர் சொல்லிக் கேட்டு வாங்கினார்கள். நாக்கில் லேசான கசப்பு, தொண்டையில் இறங்கின பிறகு வறுத்த தானியத்தின் வாசம். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த வாசம் காணாமல் போனது. கசப்பு இருந்த இடத்தில் ஒரு இனிப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. மறுநாள் காலையில் தலை கனத்தது. லேபிளில் மட்டும் எந்த மாற்றமும் இல்லை.

பாரில் ஆளுக்கொரு கருத்து இருந்தது. தண்ணீரை மாற்றிவிட்டான் என்றார் மில்லில் ஃபிட்டராக இருக்கும் பால்சாமி. பார்லியைக் குறைத்து நொய்யரிசியைப் போட்டுக் காய்ச்சுகிறான் என்று சத்தியம் பண்ணினார் ஆலங்குளத்துக்கு லாரி ஓட்டும் மொக்கைச்சாமி. “நமக்கு வயசாயிட்டுண்ணே, நாக்கு செத்துப்போச்சு” என்று ஒருத்தர் சொல்லப்போக, அவரோடு ஜெயபாண்டி ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் கம்பெனியின் விற்பனை அதிகாரி விக்னேஷ்வரன் பாருக்கே வந்தான். முப்பது வயது இருக்கும். கழுத்தில் அடையாள அட்டை.

“நாப்பதாவது வருசம் சார். பழைய வாடிக்கையாளர்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேக்கோம். ஞாயித்துக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர்ல கூட்டம். உள்ளதை உள்ளபடி சொல்லுங்க.”

கேட்கிறார்களே என்று ஜெயபாண்டிக்கு மனசு நிறைந்துவிட்டது. ரெண்டு நாள் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினார். சொல்வதை மரியாதையாகச் சொல்ல வேண்டும், முதலில் பாராட்டிவிட்டுப் பிறகுதான் குறைக்கு வர வேண்டும் என்று தீர்மானித்தார். சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, பால்சாமியையும் மொக்கைச்சாமியையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

ஒரு லாட்ஜின் மாடி ஹாலில் நாற்பது பேர் கூடியிருந்தார்கள். பிரியாணி போட்டார்கள். வாசலில் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். எல்லாரும் போட்டார்கள், அவரும் போட்டார். மேடையில் கேமரா நின்றது. பேசியவர்களில் பாதிப் பேர் பிரியாணியைத்தான் பாராட்டினார்கள். பால்சாமி மைக்கைப் பிடித்து, “எல்லாம் நல்லா இருக்கு, வணக்கம்” என்று சொல்லிவிட்டு இறங்கினார். மொக்கைச்சாமி மேடைப் பக்கமே போகவில்லை.

ஜெயபாண்டி போனார். நிமிர்ந்து நின்றார்.

“முப்பது வருசமா நெடுமலை குடிக்கேன். இதை மாதிரி ஒரு பீரு தமிழ்நாட்டுலயே கெடையாது.” இங்கே ஒரு மூச்சு விட வேண்டும் என்று தாளில் குறித்து வைத்திருந்தார். விட்டார். “அப்பிடின்னு போற எடமெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சவன் நான். இன்னைக்கு அதே வாயால சொல்லுதேன். இது பீரே இல்ல. சீனித் தண்ணி. உள்ள இருக்கதை மாத்திட்டு லேபிளை மட்டும் பழசாவே வச்சுக்கிட்டு ஏன்யா ஏமாத்துதிய? நாங்க வெலகிப் போகணும்னா சொல்லிருங்க, போயிருதோம்.”

கைதட்டல் பலமாக இருந்தது. விக்னேஷ்வரன் நோட்டில் எதையோ குறித்துக்கொண்டான். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜெயபாண்டி ஜன்னலோரம் சந்தோஷமாக உட்கார்ந்திருந்தார்.

ஒன்பதாம் நாள் காலையில் அவரிடம் கார் பழகும் மாரிச்செல்வியின் அம்மா வெள்ளைத்தாய் போன் பண்ணினாள்.

“எம் மகளை இனிமே கிளாசுக்கு அனுப்பலீங்க.”

“ஏம்மா, நல்லாத்தானே ஓட்டுது பிள்ளை?”

“நீங்க முப்பது வருசமா குடிக்கியளாமே. கம்பெனிக்காரனே வீடியோ போட்டிருக்கான். உங்க பக்கத்துல எம் பிள்ளையை எப்பிடி உக்கார வைக்க?”

வாட்ஸ்அப்பைத் திறந்தால் ஏற்கெனவே ஆறு பேர் அதை அனுப்பியிருந்தார்கள். பின்னால் நாதஸ்வரம். அவர் முகம் பெரிசாக வந்தது. “முப்பது வருசமா நெடுமலை குடிக்கேன். இதை மாதிரி ஒரு பீரு தமிழ்நாட்டுலயே கெடையாது.” அதோடு வெட்டிவிட்டார்கள். அவர் மூச்சு விட்ட இடத்தில் பொன்னெழுத்துகள் வந்து விழுந்தன: எங்கள் உண்மை ரசிகர், ஜெயபாண்டி டிரைவிங் ஸ்கூல், ராஜபாளையம்.

திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். சொன்னது அவர்தான், குரலும் அவருடையதுதான். ஆனால் அவர் அதைச் சொல்லவே இல்லை. சாயங்காலத்துக்குள் பதினான்கு பேரில் ஒன்பது பேர் நின்றுவிட்டார்கள்.

வெங்கடேஸ்வரி காப்பி டம்ளரை முன்னால் வைத்துவிட்டுக் கேட்டாள். “இப்ப எதுக்கு இம்புட்டுக் கோவம்? ஸ்கூல் பேரு கெட்டுப்போச்சேன்னா, இல்ல அந்தப் பீரை நல்லாருக்குன்னு சொல்ல வச்சுட்டானேன்னா?”

ஜெயபாண்டிக்குப் பொய் சொல்ல வரவில்லை. “ரெண்டாவதுதான்” என்றார். அவள் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள், மிச்சமிருந்த அஞ்சு பேரில் ஒருத்தியான கருத்தம்மாவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் லைசென்ஸ் டெஸ்ட். அவள் எட்டுப் போட்டு முடித்ததும், “அக்கா, பத்து நிமிசம் உக்காந்திருங்க, வந்துருதேன்” என்று சொல்லிவிட்டு ஜெயபாண்டி நேரே பக்கத்துத் தெருவில் இருந்த கம்பெனி ஆபீசுக்குப் போனார். விக்னேஷ்வரன் தனியாக இருந்தான்.

“நான் பேசினது முழுசா எங்க?”

“சார், எடிட்டிங் எல்லாம் ஹெட் ஆபீஸ்ல. நீங்க படிவத்துல கையெழுத்துப் போட்டிருக்கீங்க. எந்தப் பகுதியையும் பயன்படுத்திக்கலாம்னு அதுல இருக்கு.”

“பகுதின்னா? எங் கழுத்துக்குக் கீழ இருக்கதை வெட்டிட்டு, தலையை மட்டும் எடுத்துட்டுப் போவியளோ? கருத்துச் சொல்லுங்கன்னு கூப்பிட்டது நீ. உள்ளதை உள்ளபடின்னு சொன்னதும் நீ. திட்டுனது புடிக்கலையா, தூரப் போடு. நான் கேக்கப் போறதில்ல. திட்டுனவனைப் புடிச்சுப் புகழ வைக்கதுக்கு உங்களுக்கு யார்யா உரிமை குடுத்தது?”

விக்னேஷ்வரன் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான். குரலைத் தாழ்த்தினான்.

“அண்ணே, நீங்க சொன்னது அம்புட்டும் சரி. பார்லியைக் குறைச்சது உண்மை. நானே அதைக் குடிக்கதில்ல.”

அதைக் கேட்டு ஆறுதல் வரவில்லை. கோபம்தான் இன்னும் ஏறியது. இந்த ரெண்டு வருஷமாக நாக்கு செத்தவன் என்று பேர் வாங்கியிருக்கிறார். இவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

“அதை மேல சொல்லேன்.”

“சொன்னா என் வேலை போயிரும்ணே.”

“என் வேலை போனா பரவாயில்லையோ?” என்று கேட்டுவிட்டு வெளியே வந்தார். கருத்தம்மா பாஸாகியிருந்தாள். அவளுக்குச் சிரித்து வாழ்த்துச் சொல்லக்கூட முகம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பாரில் போய் உட்கார்ந்தார். பால்சாமியும் மொக்கைச்சாமியும் அவருக்காகக் கொதித்தார்கள். அக்கிரமம் என்றார்கள். நாற்பது வருஷத்துக் கம்பெனி இப்படியா செய்வான் என்றார்கள். எட்டுப் பேர் கூடிவிட்டார்கள். ஜெயபாண்டி போனை எடுத்தார்.

“இதையே ஆளுக்கொரு வார்த்தை சொல்லுங்க. எடுத்துப் போடுவோம்.”

மொக்கைச்சாமிக்குப் பெண் கொடுத்த இடத்தில் விஷயம் தெரிந்துவிடுமாம். பால்சாமியின் வீட்டில், அவர் பீரையே விட்டு வருஷம் ஒன்றாகிவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்களாம். மற்றவர்கள் கடலையைப் பார்த்தார்கள்.

“வீரப் பேச்செல்லாம் பாட்டில் முன்னாலதானாலே?” என்று எழுந்தார். அவருடைய பாட்டில் திறக்காமலே மேசையில் இருந்தது.

அன்றைக்கே காரை வாசலில் நிறுத்தி, ஸ்டியரிங்குக்கு முன்னால் அவர் உட்கார, வெங்கடேஸ்வரி வீடியோ எடுத்தாள். முழுப் பேச்சையும் பேசினார். ஞாயிற்றுக்கிழமை ஒரு பாட்டில், அன்றைக்குச் சாவி யார் கையில் இருக்கும் என்பதையும் மறைக்கவில்லை. “சாவி எங்கிட்டதான் இருக்கும்” என்று வெங்கடேஸ்வரி கேட்காமலே நடுவில் குரல் கொடுத்தாள். அதை நெட்டில் போட்டார்கள். கம்பெனி வீடியோவைப் பார்த்தவர்களில் பத்தில் ஒரு பங்குகூட இதைப் பார்க்கவில்லை. ஆனாலும் கருத்தம்மா தன் தெருவில் வீடு வீடாகப் போனைக் காட்டினாள். அஞ்சாம் நாள் கம்பெனி தன் வீடியோவைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டது. ஒன்பதில் நாலு பேர் திரும்பி வந்தார்கள். மாரிச்செல்வி வரவில்லை.

மேடையில் பேசினதையே மூன்று பக்கக் கடிதமாக எழுதி, பாட்டிலில் இருந்த விலாசத்துக்கும் அவர் போட்டிருந்தார். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. நல்ல தாள், மேலே ரெண்டு மலை. ‘எங்கள் தயாரிப்பின் மீது தாங்கள் கொண்டுள்ள அன்புக்கும் பாராட்டுக்கும் நன்றி.’

ஜெயபாண்டி அதை ரெண்டு தடவை படித்தார். படித்துவிட்டுப் புதுத் தாள் எடுத்தார்.

“திரும்பவுமா? ஒரு தடவை எழுதுனது போதாதா?” என்றாள் வெங்கடேஸ்வரி.

“போன தடவை மரியாதையா ஆரம்பிச்சது தப்பு. இந்தத் தடவை மொத வரியிலயே திட்டணும். எங்க வெட்டுனாலும் திட்டுதான் மிஞ்சணும்” என்று சொல்லிவிட்டு, ‘ஏமாற்றுக்காரர்களுக்கு’ என்று தொடங்கி எழுத ஆரம்பித்தார்.