பஸ்ஸில் வைத்த பரஸ்தானம்

திருச்சுழிக்காரர்கள் வெள்ளிக்கிழமை மேற்கே பயணம் போகமாட்டார்கள். அன்றைக்கு மேற்கே சூலம். எங்கள் பஸ் போகிற அருப்புக்கோட்டை நேர் மேற்கில் இருப்பது அதன் தலைவிதி. வீரசோழனிலிருந்து மாட்டுவண்டியில் வந்து ஏறும் முஸ்லிம் வியாபாரிகளுக்குச் சூலம் கிடையாது, ஆனால் வெள்ளியன்று ஜும்மாத் தொழுகையை விட்டு அவர்கள் நகரமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமையும் மேற்கே சூலம்தான். அன்று பஸ்ஸுக்கே ஓய்வு, கரியடுப்பைச் சுத்தம் செய்கிற நாள். ஆக, மற்ற நாளெல்லாம் கூரைமேலும் ஆள் ஏறுகிற வண்டி, வெள்ளிக்கிழமை காலையில் மட்டும் மூன்று பேரோடு போகும். டிரைவர், கண்டக்டர் தவசியாகிய நான், பூக்காரி குருவம்மாள்.

குருவம்மாளுக்குக் குண்டாற்றங்கரையில் பத்து சென்ட் நிலம். அரளியும் மரிக்கொழுந்தும் போட்டிருந்தாள். அருப்புக்கோட்டை நெசவாளர் தெருக்களில் வெள்ளிக்கிழமை அம்மனுக்குப் பூ வைக்காத வீடு இல்லை. அந்த ஒரு நாள் வியாபாரம்தான் அவளுக்கு வாரம் முழுவதற்கும் கஞ்சி. “பூவுக்கென்ன தம்பி சூலமும் கீலமும்? பறிச்சா வாடும், அம்புட்டுத்தான்” என்பாள்.

அது சண்டைக்காலம். பெட்ரோலெல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட, பஸ்ஸுக்குப் பின்னால் கரியடுப்பு கட்டி, அதன் வாயுவில் ஓட்டிக்கொண்டிருந்தோம். பிறகு கரிக்கும் தட்டுப்பாடு. முதலாளி தங்கசாமி உத்தரவு போட்டார்: ஆடி பிறந்ததும் வெள்ளிக்கிழமை பஸ் நிறுத்தம்.

“ஆடி வெள்ளியிலயா நிறுத்துறாக? நான் மண்ணைத் திங்கவா?” என்று குருவம்மாள் கூடையைக் கீழே வைத்தாள். அன்றே தெருத்தெருவாக இறங்கிவிட்டாள். மனு எழுதியது நான்தான். முதலாளிக்கு என் கையெழுத்து தெரியக்கூடாதென்று எழுத்தையெல்லாம் இடப்பக்கம் சாய்த்து எழுதினேன். நாற்பத்து மூன்று கைநாட்டு விழுந்தது. புதன்கிழமை குருவம்மாளோடு பத்துப் பேர் அருப்புக்கோட்டையில் முதலாளி வீட்டுக்குப் போனார்கள்.

முதலாளி மனுவை முழுக்கப் படித்தார். “சந்தோசம். இதுல வெள்ளிக்கிழமை பஸ்ஸு ஏறுனவுக எத்தனை பேரு?”

எல்லோரும் நெசவுக்காரர் சௌடையாவைப் பார்த்தார்கள். சௌடையா விட்டத்தைப் பார்த்தார்.

“நாளை மறுநாள் நானே திருச்சுழியில நின்னு பாக்கேன். இருபது தலை இருந்தா பஸ்ஸு ஓடும். இல்லேன்னா எனக்குக் கரி மிச்சம்” என்று சொல்லி முதலாளி எழுந்துவிட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸுக்குள் குருவம்மாள் பிடிபிடியென்று பிடித்தாள். “கைநாட்டு வைக்க வந்த பெருவிரலு, கால்ல இருக்கிற பெருவிரலையும் கூட்டியாந்தா என்ன?”

சௌடையாவுக்கு ரோஷம் வந்தது. “சூலத்துல கெளம்பச் சொல்றியா? தறியில பாவு அந்துபோனா நீயா வந்து முடிச்சுப் போடுவே?”

“அப்ப வியாழக்கிழமையே கெளம்புங்க. பரஸ்தானம் வைங்க!”

ஆகாத நாளில் போயே தீரவேண்டியவர்கள், முந்தின நாளே தங்கள் சாமான் ஒன்றைக் கொண்டுபோய் வேறொரு வீட்டிலோ கோயிலிலோ வைப்பது உண்டு. அதுதான் பரஸ்தானம். பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாக அர்த்தம். ஆனால் வைத்தவர்கள் போகாமல் இருக்கக்கூடாது. இருந்தால் சூலத்தைவிடப் பெரிய கேடு.

“எங்கன வைக்க?” என்றார் சௌடையா.

“இந்தா, இந்தப் பஸ்ஸுலதான்.”

“பஸ்ஸு வீடுமில்லை, கோயிலுமில்லையே?”

“தெனம் மாலை போட்டு, சூடங்காட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கித்தானே கெளப்புறாக? கோயில்ல இதுக்கு மேல என்ன செய்றாக?”

சௌடையா தலையை ஆட்டிவிட்டார். எனக்கே அன்றிலிருந்து ஸ்டெப்பில் செருப்போடு ஏறக் கூச்சமாக இருந்தது.

வியாழக்கிழமை பொழுது சாய்ந்ததும், ஊர் மேற்கு எல்லையில் நின்ற பஸ்ஸுக்கு ஒவ்வொருவராக வந்தார்கள். பை, செம்பு, குடை, சீலை முடிச்சு. முதலாளியும் அன்று மாலை பஸ்ஸிலேயே வந்து இறங்கி, சொந்தக்காரர் வீட்டில் தங்கினார். அவர் காருக்கும் பெட்ரோல் இல்லை.

விடிந்தது. இருக்கை இருபத்திரண்டிலும் மூட்டையும் குடையும் துண்டுமாக உட்கார்ந்திருந்தன. ஆள் ஒருத்தரையும் காணோம். மூட்டை டிக்கெட் எடுக்காதே என்று நான் தெருவைப் பார்த்தபடி நின்றேன்.

“மூட்டைகளைக் கூட்டிக்கிட்டா போகப் போறே?” என்றார் முதலாளி.

அவர் வாய் மூடவில்லை, தெருமுனையில் கூட்டம் தெரிந்தது. வைத்தவர்களில் ஒருவர் பாக்கியில்லை. சௌடையா, கேடு வந்துவிடப் போகிறதே என்று சம்சாரத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஓடிவந்தார். முப்பத்தொரு தலை! கூரைமேலும் ஏறிவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்துக் கூடையோடு வந்து சேர்ந்தாள் குருவம்மாள். அவள்தான் சூலம் பார்க்காதவளாயிற்றே, எதையும் வைக்கவில்லை.

“எடமில்லையே தாயி” என்று உள்ளிருந்து ஒரு குரல்.

எனக்கு ரத்தம் கொதித்தது. “யாராலே இன்னைக்கு இந்தப் பஸ்ஸு? எறங்குங்க ஒருத்தர்!” என்று கத்தினேன். யாரும் அசையவில்லை. பரஸ்தானம் வைத்தவர்கள் எப்படி இறங்குவார்கள்? முன்வரிசையில் ஓர் இடம் மட்டும் ஆளில்லாமல் கிடந்தது. அதன்மேல் ஒரு ஜரிகைத் துண்டு.

“இது யாரு வச்ச துண்டு?” என்று தூக்கிப் பிடித்தேன்.

என் முதுகுக்குப் பின்னால் முதலாளி கனைத்தார். “கொஞ்சம் மெதுவாப் பேசுடா.”

பஸ்ஸே துண்டையும் முதலாளியையும் மாறிமாறிப் பார்த்தது. பிறகு கூரையிலிருந்து, “மொதலாளிக்குமா சூலம்!” என்று யாரோ கூவ, வெடித்தது சிரிப்பு. சௌடையா சம்சாரத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

முதலாளியும் சிரித்துவிட்டார். துண்டை என்னிடமிருந்து வாங்கி உதறித் தலையில் கட்டிக்கொண்டார். பூக்கூடையைத் தானே தூக்கி உள்ளே கொடுத்தார். “நீ போய் உக்காருத்தா” என்று சொல்லிவிட்டுப் படிக்கட்டில் தொற்றிக்கொண்டார்.

“முப்பத்திரெண்டு தலை மொதலாளி” என்றேன்.

“முப்பத்தி மூணு. என்னை விட்டுட்டியே. டிக்கெட்டைக் கிழி.”

கிழித்தேன். அவர் பஸ்ஸுக்கு அவரே டிக்கெட் வாங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான். குருவம்மாள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள். “ஆடி வெள்ளிக்கெல்லாம் பஸ்ஸு உண்டா மொதலாளி?”

“உண்டு, உண்டு. எல்லா வெள்ளிக்கும் உண்டு. மொதல்ல வண்டியை எடுக்கச் சொல்லு, கரிப்புகை கண்ணைக் கரிக்கி.”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது, சந்தோஷம் தாங்கவில்லை. விசிலை வாயில் வைத்து ஊதினேன், ஊதினேன், ஊதிக்கொண்டே இருந்தேன்.

டிரைவர் திரும்பிப் பார்த்து, “போதும்டா, வண்டி எடுத்து அரை மைல் ஆச்சு” என்றார்.