சிவப்புப் பொட்டு வைத்த ஸ்லைடு

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது சர்க்கரை பார்க்கப் போன இடத்தில். மேற்குத் தாம்பரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக்கூடம், பெயர் வேண்டாம். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் எடுப்போம் என்று உட்கார வைத்துவிட்டார்கள். என் கையில் நட்சத்திரக் கூட்டம் அட்டைபோட்ட ஒரு புத்தகம். உள்ளே மைக்ராஸ்கோப் முன்னால் இருந்த பெண் அதைப் பார்த்துவிட்டு, "அவ்ளோ தூரம் போணுமா சார்? இங்க வந்து பாருங்க" என்றார். பார்த்தேன். எனக்குக் கடவுள் பழக்கமில்லை. ஆனாலும் மறுபடி ரத்தம் எடுக்கக் கூப்பிடும்வரை கண்ணை எடுக்கவில்லை. அறிவியலுக்குள் கடவுளைக் காணும் ஒரு பெண்ணைப் பற்றி ஆனந்தமாக ஒரு கதை எழுதுவதென்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

பத்து மாதம் ஆகிறது. ஆனந்தம் போய்விட்டது, கதை மட்டும் மிச்சம். அதில் அவள் பெயர் ஷாயிஸ்தா.

2

முதல் தொடக்கம்: "ஷாயிஸ்தாவின் காலை ஊதா நிறத்தில் விடியும்."

(அடித்துவிட்டேன். அவள் காலை கேன் தண்ணீரில் விடியும். இந்த ஊர் போர் தண்ணீரில் கழுவினால் சாயம் நீலம் பாய்ந்து எல்லா அணுவும் ஒன்றுபோலத் தெரியும். அதனால் ஸ்லைடு என்கிற கண்ணாடிச் சில்லில் ரத்தத்தை இழுத்து, சாயம் ஊற்றி, கேன் தண்ணீரில் கழுவுவாள்.)

இரண்டாவது: "நம் ரத்தத்தில் ஓடும் இரும்பு, என்றோ செத்துப்போன ஒரு நட்சத்திரத்தின் வயிற்றில் வெந்தது என்பதை நினைக்கும்போது..."

(இதையும் விட்டுவிட்டேன். எல்லோரும் எழுதுகிற வாக்கியம். கல்யாணமான புதிதில் இதை அவள் கணவன் பாட்சாவிடம் சொல்லியிருக்கிறாள். ஏசி மெக்கானிக்கான அவர் சோற்றைப் பிசைந்தபடியே, "அப்ப எனுக்குள்ளயும் துருப் புடிக்குமா?" என்று கேட்டாராம்.)

மூன்றாவது தொடக்கம் கிடையாது. நேராகவே சொல்கிறேன்.

3

பதினாறு வருடமாக அந்த வீட்டில் ஒரு வழக்கம். சாயங்காலம் டீயை ஆற்றிக்கொண்டே பாட்சா கேட்பார்: "இன்னிக்கு இன்னா படம் ஓடுச்சு?" அவள் அன்று பார்த்ததில் நல்ல ஸ்லைடைப் பற்றிச் சொல்வாள். மலேரியாக் கிருமி சிவப்பணுவுக்குள் மோதிரம்போல் உட்கார்ந்திருந்ததை, ஒரு வெள்ளையணு தன்னைவிடப் பெரிய எதையோ விழுங்கப் பார்த்ததை. பெயர் சொல்ல மாட்டாள். பெயர் அவளுக்கே தெரியாது. ஸ்லைடில் நம்பர் மட்டும்தான், பெயர் கம்ப்யூட்டரில் இருக்கும்.

கண்ணுக்கு விருந்தாக ஒரு ஸ்லைடு அமைந்தால் அவள் வாய் தானாக "சுப்ஹானல்லாஹ்" என்று அல்லாஹ்வைப் புகழும். தொழுகையில் சொல்லும்போது சில நாள் மனசு கடைத்தெருவில் இருக்கும். இங்கே சொல்லும்போது ஒருநாளும் அப்படி இருந்ததில்லை என்று என்னிடம் சொன்னாள். அப்படிப்பட்ட ஸ்லைடின் ஓரத்தில் நெயில் பாலிஷால் சிவப்பாக ஒரு பொட்டு வைத்து, காலிப் பேரீச்சம்பழ டப்பாவில் போட்டுவைப்பாள்.*

* பாலிஷ் உடன் வேலை செய்யும் ரோஸியுடையது. விரலில் போட்டுக்கொண்டு வேலை செய்யக் கூடாது என்பதால் பாட்டில் தீரவே தீராது.

4

ஒரு செவ்வாய்க்கிழமை, பதினோரு மணி. நம்பர் 318. எண்ணெய்ச் சொட்டு வைத்து லென்ஸை இறக்கினாள்.

இளஞ்சிவப்புத் தரையில் பெரிய பெரிய ஊதா உருண்டைகள், ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும். ஒவ்வொன்றின் உட்கருவும் காலை மேகம்போல் மெல்லியது, உள்ளே வெளிர்நீலமாக இரண்டு மூன்று சுழிகள். சுற்றியிருந்த நீலத்துக்குள் செம்மையாக மின்னும் ஊசிகள், சிலவற்றில் ஒன்று, சிலவற்றில் இரண்டு. யாரோ பொறுமையாக உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் செருகியதுபோல் இருந்தன.

"சுப்ஹானல்லாஹ். ரோஸி, இங்க வாயேன்."

ரோஸி குனிந்து பார்த்தாள். "செம்மயா கீதுக்கா. எம்மா ஊசி பாரு."

முற்றாத வெள்ளையணுக்கள் ரத்தத்தில் இப்படிப் பெருகி, உள்ளே அந்த ஊசியும் இருந்தால் அது ரத்தப் புற்று. இருவருக்கும் தெரியும். "பாவம், யாரோ" என்று சொல்லிக்கொண்டே ஷாயிஸ்தா சிவப்புப் பொட்டு வைத்தாள். பிறகு டாக்டருக்குத் தகவல் அனுப்ப கம்ப்யூட்டரைத் திறந்தாள்.

பாட்சா, 43. பாட்சா என்று தாம்பரத்தில் எத்தனையோ பேர். கீழே இருந்த கைபேசி எண் ஒருவருடையதுதான்.

பத்து நாளாகக் காய்ச்சல், பல் தேய்த்தால் ரத்தம். டெஸ்ட் எடுங்கள் என்று அவள்தான் நச்சரித்தாள். தன் பெண்டாட்டி வேலை செய்யும் இடத்திலேயே போய் நின்றால் பயந்துவிடுவாள் என்று, சேலையூரில் ஏசி மாட்டப் போன இடத்தில் எதிரே இருந்த சின்ன லேபில் கையை நீட்டியிருக்கிறார். அங்கே எடுப்பதெல்லாம் இவளிடம்தான் வரும் என்று அவருக்குத் தெரியாது.

5

இந்த இடத்தில் நான் மூன்று மாதம் நின்றுவிட்டேன்.

[இங்கே ஒரு கட்டுரை இருந்தது: இயற்கைக்கு அழகும் அழிவும் வேறு வேறு அல்ல, ஆகவே... அந்த 'ஆகவே'க்குப் பிறகு எதை எழுதினாலும் பொய்யாக இருந்தது.]

அல்லாஹ் இதைக் கொடுத்துவிட்டானே என்று அவள் கோபப்படவில்லை. நோய் யாருக்கும் வரும், அதைத் தினமும் பார்க்கிறவள். அவளைத் தின்பது வேறு. "நான் அவனைப் புகழ்ந்தேன் சார். என் புருஷன் சாவுறதப் பாத்துட்டு, வாய் நெறைய புகழ்ந்தேன்." தொழுகையில் குனியும்போது அந்தச் சொல்லைச் சொல்லியாக வேண்டும். உதடு அசைகிறது, உள்ளே ஒன்றும் இல்லை. மைக்ராஸ்கோப்பில் இப்போது அணுக்களை எண்ணுவதோடு சரி. டப்பாவை அவள் திறப்பதில்லை.

எனக்கும் அந்த நட்சத்திரப் புத்தகத்தைத் திறக்க மனம் வரவில்லை.

6

முதல் சுற்று மருந்து பலிக்கவில்லை. இரண்டாவது சுற்றுக்காக ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். காலை எட்டரை மணி மின்சார ரயில், ஜன்னலோரம் பாட்சா. முடி கொட்டிய தலையில் தொப்பி. சானடோரியம் ஸ்டேஷன் தாண்டியதும் கேட்கிறார்.

"என் ரத்தத்த நீதானே பாத்தே?"

"ம்."

"அல்லாத்தையும் வந்து சொல்லுவியே. என்னுத மட்டும் சொல்லவே இல்ல. எப்படி இருந்துச்சு என் படம்?"

முடிவு அ: "நல்லாவே இல்லீங்க" என்கிறாள். (பதினாறு வருடத்தில் ஒரு ஸ்லைடைப் பற்றியும் அவள் பொய் சொன்னதில்லை. அவர் கண்டுபிடித்துவிடுவார்.)

முடிவு ஆ: "அழகா இருந்துச்சு" என்கிறாள். அவர் சிரிக்கிறார், "துரு இல்லியே?" என்கிறார். (எழுதிவிட்டுக் கிழித்தேன். அவர் சிரித்தால் நிம்மதி எனக்குத்தான்.)

முடிவு இ: எதிர்ப்பக்கம் ஒரு ரயில் இரைந்துகொண்டு போகிறது, பதில் காதில் விழவில்லை. (கோழைத்தனம்.)

என்ன சொன்னீர்கள் என்று அவளிடமே கேட்டேன். அடுத்த ஸ்லைடில் எண்ணெய் வைத்துக்கொண்டே, "நீங்க எழுதிக்குங்க சார். அழகுன்னு மட்டும் எழுதாதீங்க" என்றாள். அதைத்தான் ஏற்கெனவே எழுதிவிட்டேன்.

அந்த ஸ்லைடைப் பார்த்தவர்கள் அவள், ரோஸி, பிறகு டாக்டர். இப்போது நீங்களும். நான்காம் பகுதியில், பெயர் தெரியும்வரை, ஒரு நொடி உங்களுக்கும் அது அழகாகத்தானே இருந்தது?

குரோம்பேட்டையில் ரயில் நிற்கிறது. அவர் இன்னும் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். நீங்கள் சொல்லுங்கள் அவரிடம்.