மிச்சமிருந்த ரசம்

வாசலில் சங்கு ஊதத் தொடங்கியதும் கங்கையம்மாள் நைசாக அடுக்களைக்குள் நுழைந்தாள். நேற்று தம்பி பெண்டாட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மிஞ்சியிருந்த ரசத்தை, மூடி சரியாக உட்காராத சின்னத் தூக்கில் ஊற்றி முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். முதலில் மோந்தும் பார்த்தாள். மிளகு வாசனைதான். விஷம் வாசனையோடா வரும்? போலீஸ்காரன் பார்த்துச் சொல்லட்டும்.

ஏகநாதனுக்கு வந்த காய்ச்சல் நாலாம் நாள் விட்டுவிட்டது. எழுந்து உட்கார்ந்து அக்காவைக் கேலிகூடச் செய்தான். அன்று மத்தியானம் பெண்டாட்டி ஜோதிலட்சுமி கையால் ரசஞ்சோறு சாப்பிட்டான்; மறுநாளே கண் மஞ்சளாகிவிட்டது. மூன்று நாள் ஆஸ்பத்திரி. இன்று கூடத்தில் ஐஸ் பெட்டி. ராஜகீழ்ப்பாக்கத்து ரோட்டோர இடத்தை விற்க மாட்டேன் என்று அவன் ஒற்றைக்காலில் நின்றதும், ஜோதி ஒரு வாரம் அவனோடு பேசாமல் இருந்ததும் கங்கையம்மாளுக்குத் தெரியாதா?

கூடத்துக்கு வந்து, தலைமாட்டில் இருந்த ஜோதியிடம் குனிந்து நேராகவே கேட்டாள்.

"என் தம்பி சோத்துல இன்னாடி கலந்தே?"

ஜோதி நிமிர்ந்து பார்த்தாள்.

அப்போதுதான் சுகாதார ஆய்வாளர் வேதசிரோமணி நோட்டோடு உள்ளே வந்தார்.

"ரத்த டெஸ்ட் வந்துடுச்சும்மா. எலிக்காய்ச்சல். எலி மூத்திரம் கலந்த தண்ணியில நின்னா, கால் வெடிப்பு வழியா கிருமி உள்ள பூந்துடும். உடம்பு சும்மா விடாது, சண்டை போடும். ரத்தத்துல இருக்கறதை அழிச்சதும் காய்ச்சல் விட்ட மாதிரி இருக்கும். அதுக்குள்ள அது ஈரல்லயும் கிட்னிலயும் போய் உக்காந்துடும். அப்புறம்தான் கண்ணு மஞ்சளாகும். சார் வெள்ளத்துல எறங்கினாரா?"

பதினைந்து நாளுக்கு முன்னால், டிசம்பர் மழையில் ஏரித் தண்ணீர் கங்கையம்மாள் வீட்டில் புகுந்தபோது, அவளைக் கரை சேர்த்தவன் ஏகநாதன்தான். "என் கிரைண்டர் போச்சேடா" என்று அழுது, அவனை மறுபடியும் இடுப்பளவு தண்ணீரில் இறக்கிவிட்டவள் அவள். "வேணாம் அண்ணி, அவர் காலெல்லாம் வெடிப்பு" என்று ஜோதி எவ்வளவோ தடுத்தாள். அந்தக் கிரைண்டர் இதோ, கூடத்து மூலையில், சேற்றுக் கோடு காய்ந்து நிற்கிறது.

இப்போது ஜோதி சொல்லிவிடுவாள். சொல்லட்டும்.

"தெரு பூரா தண்ணிதானே சார்," என்றாள் ஜோதி. "பால் வாங்க தெனமும் அதுல எறங்கினுதான் போனாரு."

வேதசிரோமணி எழுதிக்கொண்டார்.

"உக்காருங்க அண்ணி. காத்தாலருந்து நின்னுகினே கீறீங்க."

கங்கையம்மாள் உட்காரவில்லை. தூக்கின் மூடி நழுவியிருந்தது. முந்தானையை நனைத்துக்கொண்டு ரசம் அவள் பாதத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.