பஸ்ஸில் வரும் ப, பாணில் வரும் ப

கனகேஸ்வரியின் கைப்பையிலிருந்து எடுக்கப்பட்ட நான்கு தாள்களிலும் தமிழெழுத்து இருந்தது, தமிழ் இருக்கவில்லை. அதுவே வினையாயிற்று.

"மொக்கத மே?" இது என்னவென்று இன்ஸ்பெக்டர் தாள்களை மேசையில் பரப்பிக் கேட்டார்.

"சிந்துவக், சேர்," என்றாள். பாட்டுத்தான் ஐயா என்று அவளுக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னாள். அவர் நம்பவில்லை.

தொண்ணூற்றேழாம் ஆண்டு அது. கொழும்பின் காலி வீதிச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்து, யாழ்ப்பாணத்து அடையாள அட்டை வைத்திருந்த அவளை மட்டும் இறக்கிப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுவந்திருந்தனர். சுவர்க்கடிகாரத்தில் ஒன்றேகால். மூன்று மணிக்குக் கொட்டாஞ்சேனையில், இங்கிலாந்திலிருந்து வந்திருந்த மேலைச் சங்கீதப் பரீட்சகர் முன்னிலையில் அவள் பாடவேண்டும். சென்ற ஆண்டு நகரில் குண்டு வெடித்ததனால் அவர் வரவேயில்லை. இன்று தவறினால் மேலும் ஓராண்டு. அதைவிட, இந்தத் தாள்களை இரகசியக் குறிப்பென்று எழுதிவிட்டால் ஓராண்டோடு முடியாது.

பாட்டுகள் ஷூமன் என்னும் ஜெர்மானியருடையவை. அவருடைய பேர்போன பாட்டுகளை விடுத்து, பிற்காலத்தில் அவர் எழுதிய, பலரும் தொடாத இரண்டினைத் தெரிந்தெடுத்தவள் மாக்ரெட். கனகேஸ்வரியோடு ஒரே காப்புறுதி அலுவலகத்தில் வேலைசெய்பவள். மாதா கோவிலில் ஓகன் வாத்தியம் வாசிப்பவள். சில காலம் ஜெர்மனியில் இருந்து திரும்பியவள். "எல்லாரும் பாடுறதையே நீயும் பாடினா அந்த மனுசன் நித்திரை கொள்ளும், பிள்ளை," என்பாள்.

ஆங்கில எழுத்தில் பார்த்தால் கனகேஸ்வரியின் நாக்கு ஆங்கிலமாகவே புரண்டது. ஆகவே மாக்ரெட் சொல்லச் சொல்லத் தமிழில் எழுதிக்கொண்டாள். வடமொழித் தோத்திரப் புத்தகங்களில் உள்ளவாறு, ஒலி வேறுபடும் இடங்களில் எழுத்தின் தலையில் இரண்டு, மூன்று என்று எண்ணிட்டாள். இன்ஸ்பெக்டரின் கண்ணை உறுத்தியவை அந்த எண்களே.

தமிழ் வாசிப்பதற்காகக் கான்ஸ்டபிள் பௌஸியை அழைத்தார். பௌஸி ஒரு வரியை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"எழுத்தெல்லாம் நம்மட எழுத்துத்தான். ஒரு சொல்லும் வெளங்குதில்லையே, தங்கச்சி. இதென்ன மேல நம்பர் போட்டீக்கி?"

"அது சத்தத்துக்கு, சேர். பஸ் எண்டேக்க வாற ப-வுக்கு மூண்டு போடுறது. சாப்பிடுற பாண் எண்டேக்க வாற ப-வுக்கு ஒண்டும் போடுறேல்லை."

"பஸ்... பாண்..." பௌஸி உதட்டை மூடித் திறந்து பார்த்தார். "ஓ! எங்கட உம்மாக்கு அரபு எழுத்துத் தெரியா. ஓதுறதையெல்லாம் தமிழ் எழுத்துலதான் எழுதி வெச்சீக்கிறா. அதப்போலயா?"

"ஓம், ஓம், அதேதான்!"

பௌஸி அதனைச் சிங்களத்தில் எடுத்துச் சொன்னார். பாட்டென்றால் தாளைப் பாராமல் பாடட்டும், நீ விரல் வைத்துப் பார் என்றார் இன்ஸ்பெக்டர்.

அவள் எழுந்து நின்றாள். முதலில் காற்றுத்தான் வந்தது. பௌஸி தம் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். ஒரு மிடறு விழுங்கி மறுபடி தொடங்கினாள். குரல் நடுங்கியது, ஆயினும் சுருதி விலகவில்லை. தொலைபேசி அடித்தது, ஒருவரும் எடுக்கவில்லை. பௌஸியின் விரல் வரிவரியாக ஊர்ந்து, இரண்டாம் தாளின் நடுவில் நின்றது.

"நில்லுங்க, நில்லுங்க! இந்த எடத்துல நீங்க பாடினது பஸ். எழுதீக்கிறது பாண்."

கனகேஸ்வரி சட்டென்று பாட்டை நிறுத்தினாள். குனிந்து பார்த்தாள். லீபெ என்ற சொல்லில், பெ-யின் தலை வெறுமையாக இருந்தது.

"ஐயோ, மூண்டு போட மறந்துபோனன். பிழை என்னிலதான், சேர்."

"அப்படிச் சொல்லுங்க!" பௌஸி சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்து, பெ-யின் மேல் ஒரு சிறிய மூன்றை அழுத்தி இட்டார். பின்பு நிமிர்ந்து, பிள்ளை ஓரிடத்தில் பிழையாக எழுதியிருந்ததாகவும் தாம் திருத்திவிட்டதாகவும் மேலதிகாரிக்கு அறிவித்தார்.

இன்ஸ்பெக்டர் அவரையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். அரை மணித்தியாலத்தில் பௌஸியே பிழை திருத்தக்கூடியது என்ன இரகசியமோ, அவளைப் போகச் சொல் என்றார்.

"போங்க தங்கச்சி, ஓடுங்க. இனி அதுல பிழை ஒண்டும் இல்ல."

"பெரிய உபகாரம், நானா," என்றாள். சேர் என்பது, முஸ்லிம்கள் அண்ணனை அழைக்கும் நானாவாக மாறியதை அவள் கவனிக்கவில்லை. பௌஸி கவனித்துச் சிரித்தார்.

வெளியே வந்ததும் வீதிக்கு ஓடினாள். வந்த முதல் பஸ்ஸிலே தொற்றினாள். காற்று முகத்தில் அடித்தபோது, தான் அழுதுகொண்டும் அதே வேளையில் முணுமுணுத்துக்கொண்டும் இருப்பதை உணர்ந்தாள்.

கொட்டாஞ்சேனை மண்டப வாசலில் மாக்ரெட் குடையை ஆட்டிக்கொண்டு நின்றாள். மூன்று மணிக்கு இன்னும் ஐந்து நிமிடமே இருந்தது.

"எங்கயடி போய்த் துலைஞ்சனீ? மாதாவுக்கு எத்தினை மெழுகுதிரி நேர்ந்துட்டன் தெரியுமா?"

"பொலிசில பாடிப்போட்டு வாறன்."

மாக்ரெட் அவளுடைய முகத்தை ஒரு கணம் பார்த்தாள். பிறகு அவளுடைய தோளை இறுக அணைத்து உள்ளே தள்ளினாள்.

"அப்ப தொண்டை திறந்திருக்கும். வா, வா, பேரைக் கூப்பிடுறாங்கள்."