எங்கட வீட்டுக் கதை

"படலை" தொடர்கதையின் மூன்றாம் அத்தியாயத்தை அன்ரனிற்றா வேலைக்குப் போகிற ட்ராமில் வைத்துத்தான் வாசித்தாள். ஜெர்மனியின் கொலோன் நகரில் அவர்களுடைய தமிழ்ச் சங்கம் மாதமொருமுறை ஓர் இதழ் போடும். அதில்தான் கதை வந்துகொண்டிருந்தது. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து யாழ்ப்பாணத்து வீடொன்றுக்கு வேலைக்கு அனுப்பப்பட்ட ஒன்பது வயதுப் பிள்ளை. சம்பளமில்லை, பள்ளிக்கூடமில்லை, சமைக்கிற குசினிக்குப் பின்னால் சாக்கில் படுக்கை. அந்த மாத இதழில், ஷெல்லடிக்குப் பயந்து வீட்டுக்காரர் கோயிலுக்கு ஓடுகிறார்கள். ஆடுகளைப் பார்த்துக்கொள்ள அந்தப் பிள்ளையை உள்ளே விட்டு, வாசல் படலையை வெளியால் பூட்டிக்கொண்டு போகிறார்கள்.

அன்ரனிற்றா நிமிர்ந்தபோது இறங்கவேண்டிய தரிப்பிடம் தாண்டிப் போயிருந்தது.

அந்தப் பூட்டைப் பூட்டியவள் அவள்தான். எண்பத்தேழாம் ஆண்டு ஐப்பசி, யாழ்ப்பாணத்தில். அவளுக்குப் பதினான்கு வயது. அப்பா சைக்கிளில் மூட்டையைக் கட்டிக்கொண்டு றோட்டில் நின்றார், பூட்டை அவள் கையில் கொடுத்துவிட்டு. வீட்டில் வேலைக்கு நின்ற பிள்ளை மேரி ஓடிவந்து படலைக் கம்பியைப் பிடித்தாள்.

"சின்னம்மா, நான் வரலையா?"

"பின்னேரம் வந்து கூட்டிக்கொண்டு போறன்."

அப்படிச் சொல்லச் சொல்லி அவளிடம் யாரும் சொல்லவில்லை. அவளாகச் சொன்ன பொய் அது. பன்னிரண்டாம் நாள்தான் திரும்பி வந்தார்கள். பூட்டு போட்டபடியே கிடந்தது. வேலி ஓரிடத்திலும் பிரிந்திருக்கவில்லை. ஆடுகள் செத்துக் கிடந்தன. மேரி இல்லை. கிணற்றை இறைத்துப் பார்த்தார்கள், அங்கேயும் இல்லை. "ஓடியிருப்பாள்" என்றார் அப்பா. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அன்ரனிற்றாவுக்கு வேலை ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில். அன்று முதல், உலர்த்தும் மெசினின் கதவைச் சாத்த அவளுக்குப் பயம் வந்தது. சாத்துகிற நேரம் பார்த்து உள்ளிருந்து மேரியின் குரல் கேட்கும். ஒவ்வொருமுறையும் கையை உள்ளே விட்டுத் துழாவிப் பார்த்த பிறகுதான் சாத்துவாள். கூட வேலை செய்கிற ஜெர்மன்காரி யூலியா, "எதையாவது தொலைத்துவிட்டாயா?" என்று கேட்டாள். இல்லையென்று தலையாட்டினாள்.

வெளியில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. தொடக்கத்தில் எல்லாப் பெண்களும் அந்தக் கதைக்கு அழுதார்கள். பிறகு, "எழுதினவன் யாழ்ப்பாணத்தாரைச் சந்தி சிரிக்க வைக்கிறான்" என்று ஒரு பேச்சு கிளம்பியது. அதுவரை சங்கத்தில் வாயே திறக்காத பத்துப் பன்னிரண்டு மலைநாட்டுக் குடும்பங்கள், எங்கள் அத்தை இப்படி வேலைக்குப் போனாள், எங்கள் தங்கச்சி போனாள் என்று சொல்லத் தொடங்கின. தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் பெற்றோர் இரண்டு கும்பலாக நின்றார்கள். ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேருக்குப் போனவர்கள் அங்கேயும் இதே வாக்குவாதம்தான் என்றார்கள். கதையை நிறுத்தச் சொல்லித் தீர்மானம் எழுதும் பொறுப்பு சங்கச் செயலாளருக்கு வந்தது. செயலாளர் அன்ரனிற்றாவின் கணவன் யாகோப்பு.

ஒரு சனிக்கிழமை காலை, அவனுக்குச் சொல்லாமல், கதையை எழுதிய கனகலிங்கத்தின் வீட்டுக்குப் போனாள். மலைநாட்டுப் பதுளையில் பிறந்த மனிதர். பார்சல் கிடங்கொன்றில் வேலை.

"எங்கட வீட்டுக் கதையை உங்களுக்கு ஆர் சொன்னது?" நின்றபடியே கேட்டாள்.

அவர் அவளை உட்காரச் சொன்னார். "நீங்க பன்னெண்டாவது ஆளுங்க" என்றார்.

"விளங்கேல்லை."

"யாரும் சொல்லலைங்க. நானா யோசிச்சு எழுதினது. ஆனா பதினோரு பேரு போன் பண்ணிட்டாங்க, எங்க வீட்டுக் கதை ஒங்களுக்கு எப்படித் தெரியும்னு. ஒருத்தரு ஏசினாரு. ஒரு அம்மா அழுதுக்கிட்டே வச்சிட்டாங்க. சங்கத்துல மட்டும் ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறாங்க."

அன்ரனிற்றா கதிரையில் இருந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியில் அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அந்தப் புள்ள பேரு என்னங்க?"

"மேரி. அப்பா வைச்ச பேர்."

"சொந்தப் பேரு?"

அவளுக்குத் தெரியவில்லை. ஆறு வருசம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறார்கள். ஒருநாள்கூடக் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம் தேவாலய மண்டபத்தில் சங்கக் கூட்டம். யாகோப்பு தீர்மானத்தை வாசித்தான்: "இக்கதையில் வருவதுபோன்ற கொடுமை எமது மண்ணில் ஒருபோதும் நடந்ததில்லை..."

அன்ரனிற்றா எழும்பினாள்.

"நடந்தது. எங்கட வீட்டிலை. படலையைப் பூட்டினது நான்."

போன் எடுத்த அந்தப் பதினொரு பேரும் இங்கேதான் எங்கேயோ இருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஒரு முகம் விடாமல் பார்த்தாள். முன்வரிசையில் ஒரு வயதான அம்மாவின் கை மெல்ல உயர்ந்து, சேலைத் தலைப்பைச் சரிசெய்துவிட்டு இறங்கியது.

"அக்கா, நீங்கள் இருங்கோ" என்றது ஒரு குரல்.

தீர்மானம் நிறைவேறியது. மலைநாட்டுக் குடும்பங்கள் பிள்ளைகளின் ஜக்கெட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்து போயின. அவர்களோடு நாலைந்து யாழ்ப்பாணத்து இளையவர்களும் போனார்கள். மேடையை விட்டு இறங்கிய யாகோப்பு அவள் பக்கம் பார்க்கவேயில்லை.

கார் சிக்னலில் நின்றபோது அவன் கேட்டான்: "உங்கட வீட்டிலையுமோ?"

அந்த 'உம்' அவளுடைய காதில் தைத்தது.

"இஞ்சையப்பா, நீங்களும் அவருக்குப் போன் எடுத்தனீங்களோ?"

பச்சை விழுந்தது. பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான். யாகோப்பு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே இருந்தான்.

அடுத்த தைப்பொங்கலுக்குக் கொலோனில் ஒரே நாளில் இரண்டு மண்டபங்களில் பொங்கினார்கள். யாகோப்பு பழைய மண்டபத்துக்குப் போனான். அன்ரனிற்றா மலைநாட்டுக் குடும்பங்கள் பொங்கிய மற்றதற்குப் போனாள். அவளை யாரும் வெளியே போகச் சொல்லவில்லை. பக்கத்தில் வந்து இருக்கவுமில்லை. கடைசியாக மக்டலீன் என்ற ஐம்பது வயதுப் பெண் பொங்கல் தட்டோடு வந்து இருந்தாள்.

"என் தங்கச்சிய எந்த வீட்டுக்கு அனுப்பினாங்கன்னு எங்களுக்குத் தெரியாதுங்க" என்றாள். "ஒங்க வீட்டுல இருந்த புள்ளைக்கு எடது காதுக்குக் கீழ மச்சம் இருந்துச்சா?"

அன்ரனிற்றா கண்ணை மூடினாள். வெடித்த குதிக்கால்கள் தெரிந்தன. கம்பியைப் பிடித்த விரல்கள் தெரிந்தன. முகம் வரவில்லை. இருந்தது என்று சொல்லிவிடலாமோ என்று ஒருகணம் நினைத்தாள்.

"ஞாபகமில்லை, அக்கா."

"பரவாயில்லைங்க. யோசிச்சுப் பாருங்க" என்று சொல்லி மக்டலீன் அவளுடைய நம்பரை வாங்கிக்கொண்டாள்.

மாதத்தில் ஒருமுறை அவளிடமிருந்து போன் வருகிறது. சுகம் விசாரிப்பாள், குளிரைப் பற்றிச் சொல்வாள். பிறகு, ஏதாவது ஞாபகம் வந்ததா என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பேசாமல் காத்திருப்பாள்.